பெரியத்தையின் பிலிம் டப்பா

என் மச்சினன் குமாரசாமியின் கல்யாணத்தில் என் சட்டைப்பையில் பேனா இருந்ததோ இல்லையோ, மாத்திரை நிறைய இருந்தது. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, அட்டையோடு வெட்டியது, விபூதிக் காகிதத்தில் மடித்தது என்று எல்லாத் தினுசும் இருந்தன. அத்தனையும் என் மனைவி மோகனப்பிரியாவுக்கு அவளுடைய சொந்தக்காரர்கள் அன்போடு கொடுத்தவை. அவள் வாயில் போடுவதற்குள் வாங்கிப் பைக்குள் தள்ளியவன் நான். அந்த வீட்டு மாப்பிள்ளையாக இருந்துகொண்டு அதைச் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்பது கொங்கு நாட்டில் பெண் எடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

கல்யாணம் கிணத்துக்கடவில், மாமனார் சென்னிமலையின் தென்னந்தோப்பை ஒட்டிய மண்டபத்தில். துடியலூரில் ஒரு பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை பார்த்த நான் லீவு போட்டுவிட்டு மோகனாவோடு இரண்டு நாள் முன்பே வந்து இறங்கினேன். ஆவணி மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று பஸ் ஜன்னல் வழியாக வழிநெடுக முகத்தில் அடித்தது, தூறல் வேறு. மறுநாள் காலை மோகனாவின் கை என் மேல் பட்டபோது சுட்டது.

சாதாரணக் காய்ச்சல்தான். வேறு சமயமாக இருந்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படு என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவள் அப்போது உண்டாகியிருந்தாள். இரண்டு மாதம். அது எங்கள் இருவரையும் துடியலூர் டாக்டரம்மாவையும் தவிர யாருக்கும் தெரியாது.

முதல் முறை உண்டானபோது சந்தோஷம் தாங்காமல் மறுநாளே ஊரைக் கூட்டிச் சொன்னோம். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. சந்தோஷம் விசாரிக்க வந்த அதே ஜனம், அதே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு துக்கம் விசாரிக்கவும் வந்தது. என்ன தின்றாள், எதைத் தூக்கினாள், எந்த வண்டியில் ஏறினாள் என்று ஆளாளுக்கு ஒரு கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி மோகனா கடைசியில் யார் வந்தாலும் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். இந்த முறை நாலாம் மாதம் பிறக்கும்வரை பெற்ற தாயிடம்கூட மூச்சு விடுவதில்லை என்று சொன்னவள் அவள்தான். நான் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

டாக்டரம்மாவும், "என்னைக் கேக்காம எந்த மாத்திரையும் போடக் கூடாது" என்று சொல்லியிருந்தார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். எந்த மாத்திரையும் என்றால் எந்த மாத்திரையும்தான்.

அன்று சாயங்காலம் இணைச்சீர். மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளுக்கு நடக்கிற சீர் அது. தலையில் மூங்கில் பேழையை வைத்து, கூறைச்சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தம்பியின் பக்கத்தில் அவள் நிற்க வேண்டும். மறுமுனை தம்பியிடம் இருக்கும். கூடப் பிறந்தவள் இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்துவார்கள். இருக்கும்போதே வேறொருத்தியை நிறுத்தினால் அக்காவுக்கும் தம்பிக்கும் என்ன சண்டை என்று பொள்ளாச்சி வரைக்கும் பேச்சு போய்விடும். நான் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "அவனுக்கு நாந்தானுங்க நிக்கோணும்" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது.

மாப்பிள்ளையின் அக்காவுக்குக் காய்ச்சல் என்ற சேதி மண்டபத்துக்குள் பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வரிசையாக வந்தார்கள். கல்யாண வீட்டுக்கு வருகிற எங்கள் ஜனம் சேலை நகையை மறந்தாலும் மாத்திரையை மறக்காது. ஒவ்வொருவருக்கும் ஒரு மாத்திரை, அதற்கொரு கதை. ஒருவருக்குப் பழனிக்கு நடந்து போனபோது கால்வலியை நிறுத்தியது, இன்னொருவருக்கு டைபாய்டையே விரட்டியது. மோகனாவின் சின்ன மாமா நுரைத்துக் கரைகிற மாத்திரையை டம்ளரில் போட்டே எடுத்து வந்துவிட்டார். "அம்மணி, இதைக் குடிச்சுப்போட்டுச் சித்த படு. சுருக்கா எறங்கிப்போகும்" என்றார். அவள் குடிக்கிற வரைக்கும் நகர்வதாக இல்லை.

வேண்டாம் என்ற சொல் அந்த வீட்டில் கிடையாது. "சோறு உண்டுபோட்டுப் போடச் சொல்றனுங்க" என்று மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். கரைத்து வந்ததை என்ன செய்வது? எனக்கும் தலைவலிதானுங்க மாமா என்று சொல்லி வாங்கி நானே குடித்துவிட்டேன். வெறும் வயிறு. எரிச்சல் மத்தியானம் வரை நெஞ்சில் நின்றது.

மாத்திரையைத் தடுத்தேனே தவிர, காய்ச்சலைத் தடுக்க என்னிடம் வழி இல்லை. ஈரத்துணியை நெற்றியில் போட்டேன். சுக்குக் காபி கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போடுகிற நேரத்தில் அவளுக்கு நடுக்கம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு வாங்கிய புது ஜமுக்காளத்தையும் சேர்த்துப் போர்த்திவிட்டேன். பல் கிட்டித்தது.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னா வையக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"காலைல நீங்க தண்ணி வாத்துக் குளிக்கப் போனப்பப் பெரியம்மா வந்தாங்க. மாத்திரையக் கையில குடுத்துப்போட்டு டம்ளரப் புடிச்சுட்டு நின்னாங்க. என்ன சொல்லித் தட்டறதுன்னு தெரியலீங்க. முழுங்கிப்போட்டேன்."

"என்ன மாத்திரை?"

"தெரியலீங்க. அவங்க டப்பாவுல இருந்து எடுத்தாங்க."

மாமியாரின் அக்கா ராசாத்தாள்தான் அந்தப் பெரியம்மா. எனக்குப் பெரியத்தை. புருஷன் உண்டு, தோட்டம் உண்டு, பிள்ளைகள் இல்லை. சொந்தத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவார். அவர் பேச மைக் வேண்டாம். ஒரு விஷயம் சொந்தபந்தம் இருக்கிற கருமத்தம்பட்டி வரைக்கும் போக வேண்டும் என்றால் அவர் காதில் போட்டால் போதும், சாயங்காலத்துக்குள் போய்விடும். போட்டோக்காரனிடம் வாங்கிய கறுப்பு பிலிம் டப்பா ஒன்று எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து அதில் கொட்டி வைத்திருப்பார். உரித்தால் நிறையக் கொள்ளுமாம்.

மோகனாவை நான் வைதேன். பயம்தான் அப்படிக் கோபமாக வந்தது. அவள் அழுதுகொண்டே திரும்பிப் படுத்ததும் என் மேலேயே எரிச்சல் வந்து மண்டபத்துக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். நல்ல வேளை, டாக்டரம்மா வீட்டில் இருந்தார்.

"காலையில இருந்து காய்ச்சலா? ஒரு பாரசிட்டமால் குடுக்க வேண்டியதுதானே?"

"நீங்கதானுங்க டாக்டர் எந்த மாத்திரையும்..."

"என்னைக் கேக்காமப் போட வேண்டாம்னு சொன்னேன். என்னைக் கேக்கவே வேண்டாம்னா சொன்னேன்? இப்பப் பேசற போன்ல காலையில பேச முடியலையா? காய்ச்சலை இப்படி ஏற விடறதும் நல்லதில்லீங்க."

பெரியத்தை கொடுத்த மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் அவர் குரல் இன்னும் ஏறியது.

"டப்பாவுல கலந்து வெச்சிருக்காங்களா? அதுல சர்க்கரை மாத்திரை இருந்தா? பிரஷர் மாத்திரை இருந்தா? காய்ச்சல் மாத்திரையா, புரூஃபன் மாதிரி வலி மாத்திரையா, ஒண்ணா ரெண்டா, எதுவும் தெரியாம நான் மேல ஒண்ணு போடச் சொல்ல முடியாது. போய்க் கேட்டுட்டு உடனே கூப்பிடுங்க."

பூத்துக்குப் பக்கத்திலேயே பீர் முகம்மது பாயின் மருந்துக்கடை. பெரியத்தை தங்கச்சி வீட்டுக்கு வரும்போதெல்லாம் அங்கேதான் வாங்குவார். பையில் இருந்த மாத்திரைகளை எல்லாம் கண்ணாடி மேஜையில் கொட்டிவிட்டு இதில் எது எது என்ன என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வைத்தார்.

"இதும் இதும் ஒண்ணுங்க. பேருதான் வேற. இது சளி மாத்திரை, ஆனா இதுக்குள்ளயும் அதே பாரசிட்டமால் கெடக்குது. இதுலயும் இருக்குது. ஆருங்க இத்தனை குடுத்தாங்க?"

"எல்லாரும்தானுங்க பாய்."

"எல்லார் மனசும் நோகக் கூடாதுன்னு எல்லாத்தையும் போட்டிருந்தா ஒரே மருந்தை நாலு மடங்கு முழுங்கினாப்பல ஆயிருக்கும். கல்லீரல் தாங்காதுங்க."

பெரியத்தையின் டப்பாவைப் பற்றிக் கேட்டேன். "ராசாத்தாம்மா சர்க்கரைக்கோ பிரஷருக்கோ என்கிட்ட வாங்கினதில்லைங்க. காச்சலுக்கு ஒண்ணு, முட்டிவலிக்குப் புரூஃபன் ஒண்ணு. அட்டையோட வெச்சுக்குங்கன்னா கேக்க மாட்டாங்க. ரெண்டும் எங்கடைல வெள்ளைதான். எதைக் குடுத்தாங்கன்னு அவங்களத்தானுங்க கேக்கோணும்" என்றார். நான் பாரசிட்டமாலை வெட்டாமல் முழு அட்டையாக வாங்கிக்கொண்டு நடந்தேன்.

பெரியத்தை சமையல்கட்டில் பெண்கள் நடுவே உட்கார்ந்து பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். நான் என்னால் முடிந்த அளவு பணிவாகத்தான் கேட்டேன்.

"காலைல மோகனாவுக்கு ஒரு மாத்திரை குடுத்தீங்களாமுங்க அத்தை. அது என்ன மாத்திரைங்க?"

"காச்ச மாத்திரைங் மாப்ள. காச்சலுக்கு வேற என்ன குடுப்பாங்க?"

"அந்த டப்பாவைச் சித்த காட்டறீங்களா?"

அரிவாள்மனை நின்றது. சுற்றியிருந்த பெண்களின் கையும் நின்றது.

"ஏனுங் மாப்ள, நான் வெசத்தையா குடுத்துப்போட்டேன்? எந்தங்கச்சி பெத்த புள்ளைங்க அவ. என்ற தோள்ல கெடந்து வளந்தவ. அவளுக்கு எதைக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்பிடிச் சொல்லலீங்க..."

"காச்ச மாத்திரைன்னா காச்ச மாத்திரைதானுங்க" என்று மறுபடி அரிய ஆரம்பித்தார். ஆனால் டப்பாவை எடுக்கவில்லை. பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில், அதுவும் மாப்பிள்ளை கேட்டு, தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று எந்தப் பெண்பிள்ளை ஒப்புக்கொள்வாள்? என் கேள்வியே தப்பு. அதை எப்படிக் கேட்டிருந்தாலும் குற்றம் சாட்டுவது போலத்தான் இருந்திருக்கும்.

"அத்தை, அக்கட்டால ஒரு நிமிசம் வாங்க" என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். தோப்புப் பக்கம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றோம்.

செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. இவரிடம் சொல்வதும் நாதஸ்வரக்காரரிடம் கொடுத்து ஊதச் சொல்வதும் ஒன்றுதான். மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால் இந்த மண்டபம் முழுக்க எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஆனால் உள்ளே அவள் பல் கிட்டிக் கிடந்தாள்.

"மோகனா முழுகாம இருக்கறாளுங்க. ரெண்டு மாசம். ஆருக்கும் தெரியாது. என்ன மாத்திரைன்னு தெரியாம டாக்டர் மருந்து சொல்ல மாட்டீங்கறாங்க" என்றேன்.

பெரியத்தை இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து என் உள்ளங்கையில் கொட்டினார். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை.

"காச்ச மாத்திரை நேத்தே தீந்துபோச்சுங் மாப்ள. இருக்கறது பூராவும் முட்டிவலிக்குப் போடறது. எனக்குக் காச்சல் வந்தாலும் இதுலயே உட்டுப்போகும். அதுனால குடுத்தேன்."

"எத்தனைங்க?"

"ஒண்ணுதானுங்க. சத்தியமா ஒண்ணேதான்." அப்புறம் அவர் கேட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஒண்ணும் ஆயிராதில்லீங் மாப்ள?"

வையத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. பூத்துக்கு நடந்தேன். அந்த முட்டியோடு அவரும் பின்னாலேயே ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். போகிற வழியில் பீர் முகம்மது பாய் மாத்திரையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் புரூஃபன்தான் என்று உறுதியாகச் சொன்னார்.

"சரி, தெரிஞ்சுபோச்சு" என்றார் டாக்டரம்மா. "ஒரே ஒரு மாத்திரைக்காக நீங்க ரெண்டு பேரும் பயந்து சாக வேண்டாம். ஆனா உண்டாயிருக்கறப்ப அந்த மாத்திரை பக்கமே போகக் கூடாது. ஆஸ்பிரினும் அப்படித்தான். இப்பப் பாரசிட்டமால் ஐந்நூறு ஒண்ணு குடுங்க, அது வேற மருந்து, குடுக்கலாம். காய்ச்சல் மறுபடி வந்தா ஆறு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. இளநீர், கஞ்சி நிறையக் குடிக்கட்டும். காய்ச்சல் நாளைக்கும் நிக்கலைன்னாலோ, வயித்து வலி, உதிரப்போக்கு ஏதாவது இருந்தாலோ, கல்யாணம் கருமாதி எதையும் பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துருங்க."

ரிசீவரின் மறுபக்கத்தில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த பெரியத்தை, "கருமாதியாம்! வாயப் பாருங் அந்தம்மாளுக்கு" என்றார். ஆனால் கன்னம் நனைந்திருந்தது.

பாரசிட்டமாலை நான் அட்டையிலிருந்து உரித்துக் கொடுத்தேன். தோப்பிலிருந்து இளநீர் வெட்டி வந்தது. பெரியத்தை அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சின்ன மாமா மறுபடி டம்ளரோடு வந்தபோது அவர் போட்ட சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

"போட்டாச்சு, போட்டாச்சு! ஆளாளுக்குப் பொட்டிக்கடையாட்டத் தூக்கிட்டு வாரீங்க. ஒருத்தங்க குடுத்த மாத்திரை ஒடம்புல சேர வேண்டாமா? இனி எவனாச்சும் இந்த வாசப்படி ஏறினீங்க, பாத்துக்குங்க!"

ஏன் இந்த ஆத்திரம் என்று யாருக்கும் புரியவில்லை. என்னவென்று கேட்கிற தைரியமும் இல்லை. காலையிலிருந்து நான் பணிந்து பணிந்து செய்ய முடியாததை அவர் ஒரே கூச்சலில் செய்துவிட்டார். சாயங்காலம் மோகனாவுக்கு வியர்த்தது. எழுந்து கஞ்சி குடித்துவிட்டுச் சேலை கட்ட வேண்டும் என்றாள்.

இணைச்சீர் தொடங்கியது. பேழையைத் தலையில் வைத்துக்கொண்டு, கூறைச்சேலையின் முனையைப் பிடித்தபடி தம்பி பக்கத்தில் அவள் நின்றாள். முகம் வாடியிருந்தது, ஆனால் கால் நடுங்கவில்லை. நான் தூணோரம் நின்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றது போலிருந்தது. பெரியத்தை. சீர் நடக்கிற இடத்துக்கு அவர் வழக்கமாக வர மாட்டார். பிள்ளை பெறாதவள் என்று யாரும் அவர் முகத்துக்கு எதிரே சொன்னதில்லை. சொல்வதற்கு முன்பே அவர் சமையல்கட்டுக்குப் போய்விடுவார். இத்தனை வருஷமாக அவர் அங்கே காய் அரிவது காய் அரிகிற ஆசையால் என்றே நான் நினைத்திருந்தேன்.

அருமைக்காரர் சீரை நடத்திக்கொண்டிருந்தார். பெரியத்தை அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு உண்டாகவே இல்லீன்னுதானுங் மாப்ள எல்லாரும் நெனைச்சுட்டிருக்கறாங்க."

நான் திரும்பினேன்.

"மூணு உண்டாச்சுங்க. ஒண்ணும் நிக்குல. உங்க மாமியாளுக்கே தெரியாது. இந்தத் தடவை சொல்லீரலாம், இந்தத் தடவை சொல்லீரலாம்னு நெனைப்பேன். அதுக்குள்ள போயிருமுங்க."

ஊர் விஷயம் அத்தனையும் கொட்டுகிற இந்த வாய் இதை எங்கே வைத்திருந்தது? நான் அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். மாப்பிள்ளை முறை, அத்தனை கூட்டம், பிடிக்கவில்லை. அதற்குள் அவரே, "கண்ணு, பேழையச் சித்த நேராப் புடி! அசங்குது பாரு!" என்று மேடையைப் பார்த்துக் கத்திவிட்டார். மோகனா நேராகப் பிடித்தாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பெரியத்தையிடம் சொன்னதை மோகனாவிடம் ஒப்புக்கொண்டேன். "பெரியம்மாகிட்டயா? போச்சு போங்க" என்று தலையில் கை வைத்தாள். எந்த நேரம் யார் ஹார்லிக்ஸோடு வந்து நிற்பார்களோ என்று இரண்டு பேரும் வாசலைப் பார்த்தபடி இருந்தோம். யாரும் வரவில்லை. கருமத்தம்பட்டியிலிருந்தும் வரவில்லை, கிணத்துக்கடவிலிருந்தும் வரவில்லை. பூத்துக்குப் போய் மாமனார் வீட்டுக்குப் பேசினால், அக்கா முட்டிவலியைப் பற்றிப் பேசினாள், மழையைப் பற்றிப் பேசினாள் என்று மாமியார் சொல்வார். அவ்வளவுதான்.

நாலாம் மாதம் பிறந்ததும் மாமியாருக்குச் சொன்னோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவையும் கூட்டிக்கொண்டு துடியலூர் வந்துவிட்டார். எங்கள் முன்னறையில் உட்கார்ந்து, பெரியத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உனக்குத்தான் மொதல்ல சொல்றேன். மோகனா நாலு மாசம்" என்றார்.

பெரியத்தை கன்னத்தில் கை வைத்தார். வாயைப் பிளந்தார்.

"அடி ஆத்தா! நெசமாவா? எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லாம இருந்துபோட்டீங்களே!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டு மோகனாவை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.